இணையதள வேகம்: எதைச் சேர்ப்பது என்று தேடும் முன் எதை இறக்குவது என்று பாருங்கள்

தன் இணையதளம் மெதுவாக இருக்கிறது என்பது அதன் சொந்தக்காரருக்குத்தான் கடைசியில் தெரியவரும். அவர் பார்ப்பது நல்ல லேப்டாப்பில், வேகமான வைஃபையில், ஏற்கெனவே நூறு முறை திறந்த பக்கத்தை. படங்களும் எழுத்துருக்களும் அவருடைய பிரவுசரிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். பொருள் வாங்க வருகிறவரோ முதல் முறையாக வருகிறார். கையில் மூன்று வருடப் பழைய போன், ஓடும் பேருந்தில் வந்து வந்து போகும் சிக்னல். முகவரி ஒன்றுதான், பார்க்கும் தளம் வேறு.

இந்த வழிகாட்டி அந்த இரண்டாமவருக்காக உங்கள் தளத்தைச் சரிசெய்வது பற்றியது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாதி வேலையை நீங்களே செய்யலாம். மீதியை டெவலப்பரிடம் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும். நான் கைவைத்த மெதுவான தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ஒன்றுதான்: அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள். ஆகவே ‘வேகப்படுத்த எந்த பிளகின் (தளத்தோடு சேர்க்கும் துணை நிரல்) நல்லது?’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இறக்க வேண்டியதை முதலில் இறக்குவோம்.

வேகத்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

தரவரிசைக்குக் கணக்கில் எடுக்கும் பல விஷயங்களில் தளத்தின் வேகமும் ஒன்று என்று கூகுள் 2010-லேயே அறிவித்தது. அப்போது அது கணினித் தேடலுக்கு மட்டும். 2018 ஜூலையில் மொபைல் தேடலுக்கும் வந்தது. 2021 ஜூனிலிருந்து ‘கோர் வெப் வைட்டல்ஸ்’ என்ற அளவீடுகள் சேர்ந்தன. இதையெல்லாம் காட்டி, ‘வேகமாக்கினால் முதல் இடம் நிச்சயம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேடியவருக்கு வேண்டிய விஷயம் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் தேடுபொறிக்கு முதல் கேள்வி. ஏறத்தாழ ஒரே தரத்தில் நிறையப் பக்கங்கள் போட்டியிடும் இடத்தில்தான் வேகம் தராசைச் சாய்க்கும்.

விற்பனையில் பலன் இன்னும் நேராகத் தெரியும். வோடஃபோனின் இத்தாலிக் கிளை செய்த சோதனை ஒன்றின் விவரம் 2021-இல் வெளியானது. பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும் இரண்டு பக்கங்கள், ஒன்று மட்டும் வேகத்துக்காகச் செதுக்கப்பட்டது. வருகிறவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்பினார்கள். முக்கியப் படம் திரைக்கு வரும் நேரம் 31 சதவீதம் மேம்பட்ட பக்கத்தில் விற்பனை 8 சதவீதம் கூடியது. விலை, சலுகை, வடிவமைப்பு எதுவும் மாறவில்லை. பின்டரஸ்ட் 2017-இல் பயனர் காத்திருக்கும் நேரத்தை 40 சதவீதம் குறைத்தபோது, தேடுபொறி வழியாக வருகிறவர்களும் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்களும் தலா 15 சதவீதம் அதிகரித்ததாகத் தெரிவித்தது. உங்கள் தளத்திலும் இதே எண்கள் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு இவை சான்று, அவ்வளவுதான்.

முதல் படி: அளந்து எழுதி வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் தளத்தை முழுதாக பேக்கப் எடுத்துவிடுங்கள். அப்புறம் கூகுளின் ‘பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்’ பக்கத்தைத் திறந்து உங்கள் முகவரியைக் கொடுங்கள். இது இலவசம். முகப்புப் பக்கத்தை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. தேடலிலிருந்து வருகிறவர் பெரும்பாலும் நேராக ஒரு பொருளின் பக்கத்திலோ கட்டுரையிலோதான் இறங்குவார். எனவே முகப்பு, ஒரு வகைப் பக்கம், ஒரு பொருள் பக்கம் என்று குறைந்தது மூன்றைச் சோதியுங்கள்.

முடிவுப் பக்கத்தில் இரண்டு பகுதிகள் இருக்கும். மேலே இருப்பது கடந்த 28 நாட்களில் குரோம் பிரவுசர் வழியாக உங்கள் தளத்துக்கு வந்த நிஜ மனிதர்களின் அனுபவம். கீழே இருப்பது, நடுத்தரப் போன் ஒன்றையும் மெதுவான 4ஜி இணைப்பையும் பாவனை செய்து அந்த நொடியில் நடத்தும் ஆய்வகச் சோதனை. வட்டத்துக்குள் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் வரும் மதிப்பெண் இந்த இரண்டாவதற்கு உரியது. கூகுள் தரவரிசைக்குப் பார்ப்பது மேலே உள்ள நிஜ எண்களை. ஆகவே நூற்றுக்கு நூறு வாங்கியே தீருவேன் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 62 வாங்கிய பக்கத்தில் வாங்குகிறவர்கள் சௌகரியமாக இருப்பதும் உண்டு, 95 வாங்கியும் பொத்தானை அழுத்தினால் உறைந்து நிற்கும் பக்கமும் உண்டு.

மேல் பகுதியில் மூன்று பெயர்களைக் கவனியுங்கள். கோர் வெப் வைட்டல்ஸ் என்பது இவைதான். எல்சிபி என்பது, முதல் திரையில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ வந்து சேர எடுக்கும் நேரம், 2.5 வினாடிக்குள் இருக்க வேண்டும். ஐஎன்பி என்பது, தொட்டாலோ அழுத்தினாலோ திரை பதில் காட்ட எடுக்கும் நேரம், 200 மில்லிவினாடிக்குள். சிஎல்எஸ் என்பது, பக்கம் வரும்போது உள்ளடக்கம் எவ்வளவு எகிறிக் குதிக்கிறது என்பதன் அளவு, 0.1-க்குள். பழைய கட்டுரைகளில் எஃப்ஐடி என்ற பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். 2024 மார்ச்சில் அதன் இடத்துக்கு ஐஎன்பி வந்துவிட்டது.

இந்த எண்கள் சராசரி இல்லை. நூறு வருகைகளை வேகமானது முதல் மெதுவானது வரை வரிசையாக நிறுத்தி, 75-ஆவது இடத்தில் நிற்பதன் எண்ணைத்தான் எடுக்கிறார்கள். அதாவது நான்கில் மூன்று பேருக்காவது அனுபவம் நன்றாக இருக்க வேண்டும். சிறிய தளம் என்றால் மேல் பகுதியில் போதிய தகவல் இல்லை என்று வரலாம். பரவாயில்லை, கீழ்ப் பகுதியை வைத்துக்கொண்டே தொடங்கலாம். ஆய்வகச் சோதனை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், ஆகவே மூன்று முறை ஓட்டி நடு எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள், கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய போனை எடுத்து, வைஃபையை அணைத்து, மறைநிலை ஜன்னலில் உங்கள் தளத்தைத் திறந்து ஒரு பொருளை வாங்கும் கடைசித் திரை வரை போய்ப் பாருங்கள். எங்கே எரிச்சல் வருகிறதோ அதையும் அதே தாளில் எழுதுங்கள். எனக்கு இந்தத் தாள்தான் எப்போதும் முதல் வரைபடம்.

இரண்டாம் படி: சர்வர் எப்போது வாய் திறக்கிறது?

உங்கள் தளம் குடியிருக்கும் கணினிதான் சர்வர். பிரவுசர் கேட்ட பிறகு அதிலிருந்து முதல் துளித் தகவல் வந்து சேரும் நேரத்தை டிடிஎஃப்பி என்பார்கள். 0.8 வினாடிக்குள் இருந்தால் நல்லது. இது இரண்டு வினாடி எடுத்தால், படங்களை எவ்வளவு சுருக்கினாலும் எல்சிபியை 2.5-க்குள் கொண்டுவருவது பெரும்பாடு. பக்கத்தின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

தாமதத்துக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். முதலாவது தூரம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒருமுறை போய் வரவே குறைந்தது 100 மில்லிவினாடி. அதோடு முடியாது. இணைப்பை ஏற்படுத்த ஒரு போக்குவரத்து, பாதுகாப்புப் பூட்டைப் பரிமாற இன்னொன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க மூன்றாவது. சர்வர் ஒரு வேலையும் செய்யாமலே 300 மில்லிவினாடி போய்விட்டது. இதை எந்த பிளகினாலும் குறைக்க முடியாது. வாங்குகிறவர்கள் அதிகம் இருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் சர்வரை வைப்பது, அல்லது உலகம் முழுக்கப் பிரதிகளை வைத்துப் பக்கத்திலிருந்து பரிமாறும் சிடிஎன் சேவையைப் பயன்படுத்துவது, இவைதான் வழி. கிளவுட்ஃபிளேர் போன்றவற்றில் இலவசத் திட்டமும் இருக்கிறது. தொடங்குகிறவருக்கு அது போதும்.

இரண்டாவது காரணம், ஒவ்வொருவர் கேட்கும்போதும் பக்கத்தைப் புதிதாகச் சமைப்பது. தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் போன்ற அமைப்புகள் டேட்டாபேஸில் பலமுறை தேடி, ‘தீம்’ என்ற தோற்றத் தொகுப்பையும் பிளகின்களையும் ஓட்டி, அப்புறம்தான் பக்கத்தைத் தயாரிக்கும். ஒருமுறை தயாரித்ததைச் சேமித்து வைத்து அடுத்தவர்களுக்கு அப்படியே கொடுப்பதுதான் பேஜ் கேஷ். தளத்துக்கு சர்வர் இடம் தரும் உங்கள் ஹோஸ்டிங் சேவையிலேயே அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் தனியாக பிளகின் வேண்டாம். இல்லையென்றால் ஒன்றே ஒன்றை நிறுவுங்கள். இரண்டு கேஷ் பிளகின்களைச் சேர்த்துப் போட்டால் ஒன்றின் காலை இன்னொன்று வாரிவிடும். இன்னொரு எச்சரிக்கை: கூடைப் பக்கம், பணம் செலுத்தும் பக்கம், பயனர் கணக்கு ஆகியவை கேஷில் சேரக் கூடாது. சேர்ந்தால் ஒருவர் கூடையில் இன்னொருவர் போட்ட பொருள் தெரியும். அதைவிடக் கெட்ட பெயர் வேறு இல்லை.

போகிற போக்கில் இரண்டு விஷயங்களையும் பார்த்துவிடுங்கள். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் பழைய பதிப்பு சர்வரில் ஓடினால் புதியதற்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு வரி எழுதாமல் கிடைக்கும் வேகம் அது. அப்புறம், உங்கள் முகவரியைப் பல விதமாகத் தட்டச்சு செய்து பாருங்கள். பாதுகாப்பில்லாத முகவரியிலிருந்து பாதுகாப்பானதற்கு, அங்கிருந்து மும்முறை டபிள்யூ உள்ளதற்கு, அங்கிருந்து கடைசிச் சாய்கோடு உள்ளதற்கு என்று தளம் ஆளை அலைக்கழித்தால், எல்லாவற்றையும் ஒரே தாவலில் முடிக்கும்படி மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: படங்கள், பெரிய சுமை இங்கேதான்

போனில் எடுத்த புகைப்படம் 4,000 பிக்சல் அகலம் இருக்கும், எடை நான்கைந்து எம்பி. அதை அப்படியே பதிவேற்றி, பக்கத்தில் 400 பிக்சல் அகலக் கட்டத்தில் காட்டுகிறோம். திரையில் சின்னதாகத் தெரிவதால் சின்னப் படம்தான் போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. முழு நான்கு எம்பியும் வாங்க வந்தவரின் டேட்டாவில் இறங்கி, அவர் போனில்தான் சுருங்குகிறது. இப்படி இருபது பொருட்கள் ஒரு பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

சரி, எவ்வளவு பெரிய படம் வேண்டும்? போன் திரைகளில் ஒரு புள்ளிக்கு இரண்டு மூன்று நிஜப் பிக்சல்கள் இருக்கும். அதனால் 400 அகலத்தில் தெரியும் படத்துக்கு 800 வைத்தால் கூர்மையாகத் தெரியும். மூன்று மடங்கு வைத்தால் வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம், எடைதான் ஏறும். ஒரே படத்தை 400, 800, 1,200 என்று சில அளவுகளில் வைத்து, எது பொருந்துமோ அதைப் பிரவுசரே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். இதற்கு ‘சோர்ஸ்செட்’ என்ற பண்பு, பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் இருக்கிறது. வேர்ட்பிரஸ் நீங்கள் பதிவேற்றும் படங்களுக்கு இதைத் தானாகவே செய்யும், ஆனால் சில தீம்கள் முழு அளவுப் படத்தையே பிடிவாதமாகப் போடும். சந்தேகம் இருந்தால் படத்தின் மேல் வலது சொடுக்குப் போட்டு, புதிய ஜன்னலில் திறந்து, அளவைப் பாருங்கள்.

அடுத்து வடிவம். புகைப்படத்தை பிஎன்ஜியில் சேமித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிஎன்ஜி லோகோவுக்கும் கோட்டுப் படத்துக்கும் ஏற்றது, புகைப்படத்துக்கு வீண் சுமை. கூகுள் 2010-இல் அறிமுகப்படுத்திய வெப்பி வடிவம், அதே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியது. ஏவிஐஎஃப் என்ற வடிவம் இன்னும் சிறியதாக வரும். வெப்பியை வேர்ட்பிரஸ் 2021-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து ஏற்கிறது, ஏவிஐஎஃப்பை 2024-இல் வந்த 6.5-இலிருந்து. கையால் செய்ய ‘ஸ்குவூஷ்’ என்ற இலவசக் கருவி உண்டு. பிரவுசரிலேயே ஓடும், பழையதும் புதியதும் பக்கம் பக்கமாகத் தெரியும். தரத்தை 75 அல்லது 80-இல் வைத்துத் தொடங்குங்கள். துணியின் நெசவு, நகையின் நுணுக்கம் போலக் கண் வைத்துப் பார்க்கும் பொருள் என்றால் கொஞ்சம் கூட்டலாம். விற்கும் பொருளின் படத்தைச் சேறாக்கி வேகம் வாங்குவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, எந்தப் படம் எப்போது வர வேண்டும் என்பது. ‘லோடிங்’ என்ற பண்புக்கு ‘லேசி’ (சோம்பேறி) என்று மதிப்புக் கொடுத்தால், வாசிப்பவர் கீழே நகரும்போதுதான் அந்தப் படம் இறங்கும். கீழே இருக்கும் படங்களுக்கு அருமையான ஏற்பாடு. இங்கேதான் நான் ஒருமுறை சறுக்கினேன். ஆரம்ப காலத்தில் ஒரு தளத்தில், எல்லாப் படங்களையும் சோம்பேறியாக்கும் பிளகினைப் போட்டுவிட்டுப் பெருமையோடு அளந்தால், எல்சிபி முன்பைவிட மோசம். காரணம் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. முதல் திரையில் தெரிய வேண்டிய பெரிய படத்தையும் அது காத்திருக்கச் சொல்லியிருந்தது. முதல் திரைப் படத்துக்கு லேசி கூடவே கூடாது. மாறாக, ‘ஃபெட்ச்பிரையாரிட்டி’ என்ற பண்பில் ‘ஹை’ என்று கொடுத்து, இதை முதலில் எடு என்று பிரவுசரிடம் சொல்ல வேண்டும். அந்தப் படம், தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் வழியாகப் பின்னணிப் படமாக வைக்கப்பட்டிருந்தால், சாதாரணப் படமாக எச்டிஎம்எல்லுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்னணிப் படத்தைப் பிரவுசர் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கும்.

முகப்பில் தானாக ஓடும் ஐந்து பட ஸ்லைடர் இருந்தால் எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஐந்து பெரிய படங்களையும் ஒரு ஸ்கிரிப்டையும் (பிரவுசருக்குள் ஓடும் நிரல்) சுமந்துகொண்டு வரும், ஆனால் இரண்டாவது படம் வருவதற்குள் பலரும் கீழே நகர்ந்துவிடுவார்கள். நிறுவனத்துக்குள் ஆளாளுக்கு ஒரு படம் வேண்டும் என்று கேட்டதால் பிறந்த சமரசமே பெரும்பாலான ஸ்லைடர்கள். ஒரே நல்ல படம், ஒரு வாசகம், ஒரு பொத்தான். போதும்.

நான்காம் படி: அழையா விருந்தாளி ஸ்கிரிப்ட்கள்

200 கேபி படமும் 200 கேபி ஜாவாஸ்கிரிப்டும் எடையில் ஒன்றுதான், செலவில் ஒன்றில்லை. படம் வந்து சேர்ந்தால் விரித்துக் காட்டிவிடலாம். ஸ்கிரிப்டைப் படித்து, புரிந்துகொண்டு, ஓட்டவும் வேண்டும். பிரவுசரில் இந்த வேலைக்கும், உங்கள் விரல் தொட்டதற்குப் பதில் சொல்லும் வேலைக்கும் ஒரே ஆள்தான். அந்த ஆள் ஒரு நீளமான ஸ்கிரிப்டில் மூழ்கியிருக்கும்போது ‘கூடையில் சேர்’ பொத்தானை அழுத்தினால் அரை வினாடிக்கு ஒன்றும் நடக்காது. வாங்க வந்தவர் மறுபடி அழுத்துவார், கூடையில் இரண்டு சேரும். ஐஎன்பி கெட்டுப்போவது இப்படித்தான். விலை குறைந்த போன்களில் இது பல மடங்கு தெரியும், உங்கள் லேப்டாப்பில் தெரியவே தெரியாது.

கணினியில் குரோமைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போய்ப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். உங்கள் முகவரி அல்லாத பெயர்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணுங்கள். அரட்டைப் பெட்டி, பாப்-அப், விளம்பரப் பிக்சல்கள் (வருகிறவரைக் கண்காணிக்கும் சிறு நிரல்கள்), எங்கே சொடுக்குகிறார்கள் என்று வரைபடம் போடும் கருவி, சமூக வலைதளப் பொத்தான்கள், மதிப்புரைப் பட்டை. ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று கேள்விகள் எழுதுங்கள்: இதைக் கேட்டது யார்? கடந்த மூன்று மாதத்தில் இதன் அறிக்கையை யாராவது திறந்து பார்த்தார்களா? இது இல்லாவிட்டால் என்ன நஷ்டம்? ஒரு தளத்தில் இப்படி எண்ணியபோது, சந்தா முடிந்து ஒரு வருடம் ஆன ஒரு கருவியின் ஸ்கிரிப்ட் இன்னமும் ஒவ்வொரு பக்கத்திலும் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதன் கடவுச்சொல் கூட யாரிடமும் இல்லை. இத்தகைய ஸ்கிரிப்ட்களை ஒரே இடத்திலிருந்து சேர்க்க உதவும் டேக் மேனேஜர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதற்குள்ளேயும் போய்ப் பாருங்கள். பழைய விளம்பரங்களின் மிச்சம் மீதியெல்லாம் அங்கேதான் ஒட்டடை மாதிரி தொங்கும்.

எதை எடுத்தால் எவ்வளவு மிச்சம் என்பதை எடுப்பதற்கு முன்னேயே பார்க்கலாம். அதே நெட்வொர்க் பட்டியலில் அந்தப் பெயர் மேல் வலது சொடுக்குப் போட்டால், அந்த முகவரியைத் தடுக்கும் வசதி வரும். தடுத்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். ஒரே ஒரு அரட்டைப் பெட்டியைத் தடுத்ததும் பக்கம் எழுந்து உட்காருவதைப் பார்த்தால், அதை வைத்திருப்பதா என்ற விவாதம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

வைத்தே ஆக வேண்டியவற்றைத் தள்ளிப்போடுங்கள். ஸ்கிரிப்ட் குறியில் ‘டிஃபர்’ என்று சேர்த்தால், பக்கம் கட்டப்படுவதை அது மறிக்காது. அரட்டைப் பெட்டிக்கு வெறும் ஐகான் படத்தை மட்டும் வைத்து, தொட்ட பிறகு நிஜப் பெட்டியை வரவழைக்கலாம். யூடியூப் வீடியோவுக்கும் இதே உத்தி: முதலில் ஒரு அட்டைப் படம், தொட்டதும் வீடியோ. இதைச் செய்யும் பிளகின்கள் இருக்கின்றன. வேகம் தரும் பிளகின்களில் எனக்கு மனசாரப் பிடித்தவை இவைதான், ஏனென்றால் இவை எதையும் மினுக்குவதில்லை, வேலையைத் தள்ளி மட்டும் வைக்கின்றன.

ஐந்தாம் படி: குதிக்காத பக்கம், தாமதிக்காத எழுத்து

‘வாங்கு’ என்பதைத் தொடப் போகும் நேரத்தில் மேலே ஒரு பேனர் முளைத்து, விரல் வேறெங்கோ பட்ட அனுபவம் எல்லோருக்கும் உண்டு. மருந்து எளிது. படம், வீடியோ எல்லாவற்றுக்கும் அகலத்தையும் உயரத்தையும் எச்டிஎம்எல்லில் குறிப்பிடுங்கள். படம் வரும் முன்பே பிரவுசர் இடம் ஒதுக்கிவிடும். விளம்பரத்துக்கும் தாமதமாக வரும் பட்டைக்கும் வெற்று இடத்தை முன்பே விட்டு வையுங்கள். குக்கி அறிவிப்பு போன்றவை உள்ளடக்கத்தைத் தள்ளாமல் மேலே மிதக்கட்டும்.

எழுத்துரு விஷயத்தில் ஆசைதான் எதிரி. மெலிது, சாதாரணம், நடுத்தரம், தடிமன், அதிதடிமன் என்று ஐந்து கோப்புகளை ஏற்றிவிட்டு இரண்டைத்தான் பயன்படுத்துவோம். இரண்டோடு நிறுத்துங்கள். கோப்பு, இணையத்துக்காகச் சுருக்கிய வோஃப்2 வடிவில் இருக்க வேண்டும். தமிழில் தளம் நடத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல மொழிகளின் எழுத்துகளை ஒரே கோப்பில் அடைத்த எழுத்துரு கனமாக இருக்கும். தமிழ்ப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து வைத்தால் எடை வெகுவாகக் குறையும். ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே’ என்ற அமைப்பை ‘ஸ்வாப்’ என்று வைத்தால், எழுத்துரு வரும்வரை போனில் இருக்கும் எழுத்திலேயே வாசகம் தெரியும். வெற்றுத் திரையைவிட அது எவ்வளவோ மேல்.

ஆறாம் படி: ஐந்து நிமிடத்தில் முடிகிற அமைப்புகள்

இவற்றைச் செய்யப் பெரும்பாலும் ஒரு பொத்தானோ, ஹோஸ்டிங்குக்கு ஒரு செய்தியோ போதும். எழுத்துக் கோப்புகள் பிராட்லி அல்லது ஜிசிப் முறையில் சுருங்கிப் போகட்டும். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையின் புதிய பதிப்புகளான எச்டிடிபி/2 அல்லது எச்டிடிபி/3 இயங்கட்டும். படம், சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட் ஆகியவற்றைப் பிரவுசர் ஒரு வருடம் சேமித்து வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். ஆனால் கோப்பை மாற்றும்போது பெயரையோ பதிப்பு எண்ணையோ மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் பழைய வாடிக்கையாளருக்குப் பழைய தோற்றமே தெரிந்துகொண்டிருக்கும்.

வேகப்படுத்தும் பிளகினில் வரும் ‘எல்லாவற்றையும் இணை, எல்லாவற்றையும் சுருக்கு, பயன்படாத சிஎஸ்எஸ்ஸை நீக்கு’ போன்ற பொத்தான்களை ஒரே நேரத்தில் போட்டுவிடாதீர்கள். ஒன்றைப் போடுங்கள், மெனு திறக்கிறதா, கூடை வேலை செய்கிறதா, படிவம் போகிறதா என்று பாருங்கள், அப்புறம் அடுத்தது. மொத்தமாகப் போட்டு ஏதாவது உடைந்தால், உடைத்தது எது என்று கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போகும்.

ஏழாம் படி: காசு கைமாறும் பாதை

வேகம் பற்றிய பேச்செல்லாம் முகப்பைச் சுற்றியே நடக்கிறது. விற்பனை கைவிட்டுப் போவதோ பெரும்பாலும் கூடைக்கும் பணம் செலுத்தும் திரைக்கும் நடுவில். இந்தப் பக்கங்களைக் கேஷில் வைக்க முடியாது என்று மேலே பார்த்தோம். ஆகவே சர்வரின் நிஜ வேகம் இங்கேதான் வெளுத்துவிடும். முகப்பு மின்னல் மாதிரி வந்து, கூடை நான்கு வினாடி எடுத்தால், ஹோஸ்டிங் திட்டம் போதவில்லை அல்லது ஏதோ ஒரு பிளகின் டேட்டாபேஸைக் குடைகிறது. வேர்ட்பிரஸில் ‘குவெரி மானிட்டர்’ என்ற இலவச பிளகின், எந்தத் தேடல் எவ்வளவு நேரம் எடுக்கிறது, அதைக் கேட்டது யார் என்று காட்டிக்கொடுக்கும். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள்.

பணம் செலுத்தும் திரையில் அரட்டைப் பெட்டி, பாப்-அப், ‘இதையும் வாங்கலாமே’ பட்டை எதுவும் வேண்டாம். பொத்தானை அழுத்திய உடனே அதன் தோற்றம் மாறி, ‘காத்திருங்கள்’ என்று காட்ட வேண்டும். பின்னால் நடக்கும் வேலைக்கு இரண்டு வினாடி ஆகலாம், மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அழுத்தியது பதிந்ததா என்றே தெரியாமல் நிற்கும் ஒரு வினாடியைத்தான் பொறுக்க மாட்டார்கள். அதிலும் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில்.

எட்டாம் படி: தேடுபொறியின் பக்கம் திரும்புவோம்

தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேர்த்திருக்காவிட்டால் இன்றே சேருங்கள். அங்கே கோர் வெப் வைட்டல்ஸ் அறிக்கை, ஒரே மாதிரிப் பக்கங்களைக் குழுவாகச் சேர்த்து எது தேறுகிறது, எது தேறவில்லை என்று காட்டும். பொருள் பக்கங்கள் மொத்தமும் ஒரே குறையோடு வந்தால் குறை அவை எல்லாவற்றுக்கும் பொதுவான வார்ப்பில் (டெம்ப்ளேட்) இருக்கிறது. ஒரு இடத்தில் திருத்தினால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சரியாகும். மொபைல் எண்களையே முதலில் பாருங்கள், கூகுள் தன் பட்டியலுக்கு எடுத்துக்கொள்வது உங்கள் மொபைல் பக்கத்தைத்தான்.

பெரிய தளங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. சர்வர் சட்டென்று பதில் சொன்னால் கூகுளின் ரோபோ அதிகப் பக்கங்களை வாசித்துப் போகும். திணறினால் குறைத்துக்கொள்ளும். கன்சோலின் அமைப்புகளில் இருக்கும் கிரால் (ரோபோவின் வாசிப்பு) புள்ளிவிவரத்தில் சராசரிப் பதில் நேரம் தெரியும். சில நூறு பக்கங்கள் மட்டும் உள்ள தளத்துக்கு இதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

திருத்தம் செய்த மறுநாளே நிஜப் பயனர் எண்கள் மாறாது. அவை 28 நாள் கணக்கு, பழைய நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து போக வேண்டும். அதுவரை ஆய்வகச் சோதனையையும் பழைய போனையும் நம்புங்கள். முதல் வாரம் எதுவும் அசையவில்லை என்று பதறி, செய்ததையெல்லாம் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், தளம் மறுபடி எடை போடும். புதிய பேனர், புதிய பிக்சல், திருவிழாக்கால பாப்-அப் என்று யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல் நாள் எண்களை எழுதிய அந்தத் தாளை வைத்திருங்கள். தளத்தில் எது சேர்ந்தாலும் தேதியோடு அதில் ஒரு வரி எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே மூன்று பக்கங்களை அதே போனில் திறந்து, எண்களைக் குறியுங்கள். ஏதாவது ஒரு மாதம் எண் மோசமாக வந்தால், கடைசியாக எழுதிய வரியிலிருந்து மேல்நோக்கித் தேடத் தொடங்குங்கள்.